பதின்மூன்று மாநிலத்திலும் இல்லாத மச்சான்

மலேசியாவின் ரவாங்கில் ஒரு மீ நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் விமலன் பார்த்த உத்தியோகத்தை அவன் ஊரான அசாம் ஜாவாவில் ஒருவருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. அவன் மாமனார் சன்னாசிக்கு மட்டும் மூன்று முறை சொன்னான். சன்னாசி எஸ்டேட்டில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். எந்த வேலையையும் யார் யாரை அதட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் புரிந்துகொள்வார்.

இப்போதெல்லாம் வீட்டில் விசிறி சுற்றவில்லை என்றால் யாரும் ஆளைத் தேடிப் போவதில்லை. கைப்பேசியைப் பார்த்து, விசிறி சுற்றவில்லை என்று சொன்னால் போதும். உள்ளே இருக்கும் ஏஜென்ட் ஆளைப் பிடித்து அனுப்பிவிடும். அனுப்புவதற்கு முன்னால், அந்த ஆளுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒரு கருவியிடம் கேட்கும். அந்தக் கருவியைச் செய்து விற்றதுதான் விமலன் வேலை பார்த்த கம்பெனி. வயர்மேன், குழாய்க்காரன், லோரி ஓட்டுகிறவன், காவலுக்கு நிற்கிறவன் என்று எல்லாத் தொழிலுக்கும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகப் பதிவு வைத்திருந்ததால், எந்த மாநிலம் கருவிக்குள் வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை என்று சோதித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அது விமலன்.

“அப்போ அந்த ஏஜென்ட்டு யாரு மாப்பிள்ளை? பங்களாதேஷ்ல இருந்து ஆள் கொண்டாருவானே, அவனா?” என்று சன்னாசி கேட்டார்.

அது ஆளே இல்லை, கை கால் கிடையாது என்றான் விமலன்.

“கையில்லாம எப்படிக் காசு வாங்குவான்?” என்று கேட்டுவிட்டு, சன்னாசி அந்த ஏஜென்ட்டின் மேல் ஒரு மரியாதை வைத்துக்கொண்டார்.

கருவிக்கு மூன்றே சொல் தெரியும். லைசென்ஸ் இருந்தால் ஆடா. இல்லாவிட்டால் தியாடா. அந்த மாநிலமே இன்னும் கருவிக்குள் வரவில்லை என்றால் பெலும். மலாயில் ஆடா என்றால் ‘இருக்கிறது’, தியாடா என்றால் ‘இல்லை’, பெலும் என்றால் ‘இன்னும் இல்லை’. அதில் ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாணம் ஆகாதவனைக் கேட்டால்கூட இந்த ஊரில் பெலும் என்றுதான் சொல்வான், அறுபது வயதானாலும். பெலும் என்று வந்தால் ஏஜென்ட் வீட்டுக்காரரையே கூப்பிட்டு, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிடும். தியாடா என்று வந்தால் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்தவனுக்குப் போய்விடும். முதலாளி ரவீந்திரன் இந்த வித்தியாசத்தைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சொல்வார். அவருக்கு இரத்த அழுத்த மாத்திரையும் அதே வேளைக்குத்தான்.

ஒரு மாநிலத்தைச் சோதிக்க இரண்டு பெயர் வேண்டும். கட்டாயம் லைசென்ஸ் உள்ள ஒருவன். அவனுக்கு ஆடா வரவேண்டும். எந்தக் காலத்திலும் லைசென்ஸ் வாங்க முடியாத ஒருவன்; அவனுக்குத் தியாடா வரவேண்டும். உள்ளவன் மாநிலத்துக்கு ஒருவனாக மாறுவான். இல்லாதவன் எல்லா மாநிலத்துக்கும் ஒரே ஆளாக இருந்தால் சௌகரியம் என்று ரவீந்திரன் சொல்லி, உறுதியான ஒரு பெயர் கேட்டார்.

விமலன் யோசிக்கவே இல்லை. “செல்வா, தகப்பன் பேர் சன்னாசி. போடுங்க பாஸ்.”

“அப்படி ஒரு வயர்மேன் நிச்சயமா இல்லையா?”

“அப்படி ஒருத்தன் பாஸ் பண்ணினா ஜெராம் கடற்கரை நண்டு நேரா நடக்கும்.”

செல்வா விமலனின் மனைவி உஷாராணிக்குக் கூடப் பிறந்த தம்பி. வயர்மேன் பரீட்சையில் அவன் அப்போது வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் விமலன் அந்தப் பெயரைக் கொடுத்ததற்குக் காரணம் பரீட்சை இல்லை, மோர்.

ஜெராம் கோயில் திருவிழாவில் ஒரு வருஷம் மைக் செட்டுக்கு விமலன் வயர் கொடுத்தான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே கொடுத்தான். சாமி புறப்படும் நேரத்தில் வயர் பொறி விட்டு, பொறி அவன் பட்டு வேட்டியில் விழுந்தது. சாமிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டார்களாக்கும் என்று நினைத்துச் சிலர் கைகூப்பினார்கள். செல்வா மட்டும் ஓடிவந்து, பக்தர்களுக்குக் கரைத்து வைத்திருந்த மோர் வாளியை அப்படியே எடுத்து மாமன் விமலனின் தலையில் கவிழ்த்தான். தீ வேட்டியில் இருந்தது. மோர் தலையில் இருந்து தொடங்கியது. அதோடு விட்டிருக்கலாம். நின்றுபோயிருந்த மைக் அந்த நேரம் பார்த்து உயிர் பெற்று, “மாமாவுக்கு பவர் அதிகம் லா” என்று செல்வா சொன்னதைக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றைக்குப் படகில் இருந்தவர்கள்கூடச் சிரித்ததாகக் கேள்வி. கறிவேப்பிலை ஒன்று மூன்று வருஷம் கழித்தும் விமலனின் காதுக்குள் இருந்தது என்று உஷாராணி சொல்வாள். அவள் மிகைப்படுத்திப் பேசுகிற பெண் இல்லை.

அடுத்த பரீட்சையில் செல்வா பாஸாகிவிட்டான்.

லட்டு டப்பாவோடு வந்து அக்காள் காலில் விழுந்தான். மாமன் காலிலும் விழுந்தான். விமலன் லட்டைத் தின்றான், இரண்டு தின்றான். உஷாராணி அழுதாள். சன்னாசி தன் மகனின் சிலாங்கூர் மாநில லைசென்ஸ் அட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். ரப்பர் பால்மரத் தோப்பில் இருந்தவர்களுக்கு நல்ல சரக்கை மூக்கால் பார்க்கிற பழக்கம். ஜெராம் நண்டுகள் அன்றைக்கும் பக்கவாட்டில்தான் நடந்தன.

திங்கட்கிழமை சோதனையில் சிலாங்கூர் தவறென்று திரையில் சிவப்பாக எரிந்தது. இல்லாத ஆளுக்குக் கருவி ஆடா என்று சொல்லிவிட்டது. விமலன் திரையைப் பார்த்தான். அந்த இடத்தில் வேறொரு பெயரை அடித்தால் வேலை முடிந்தது; மூக்கைச் சொறிகிற நேரம்கூட ஆகாது. அவன் விரல் மேசையில்தான் இருந்தது. காதுக்குள் ஏதோ அரித்தது. மோர் நாற்றம் வந்தது போலவும் இருந்தது.

‘கருவியில் கோளாறு. சிலாங்கூரில் இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டுகிறது’ என்று எழுதி அனுப்பினான்.

கருவியைக் கட்டுகிற பிள்ளைகள் வேறு ஊரில் இருந்தார்கள். அவர்களுக்குச் செல்வாவைத் தெரியாது, சன்னாசியைத் தெரியாது, லட்டும் போகவில்லை. கோளாறு என்றதும் சரிசெய்தார்கள். செல்வா த/பெ சன்னாசி என்று, கருவிக்குள் வந்துவிட்ட எந்த மாநிலத்தில் கேட்டாலும் தியாடா என்று சொல்லும்படி கருவிக்கு உள்ளேயே ஒரு கட்டளையைப் பதித்துவிட்டார்கள். சிலாங்கூர் பச்சையானது.

அதற்குப் பிறகு அவர்கள் இருந்த கோல சிலாங்கூர் வட்டாரத்தில் எந்த ஏஜென்ட்டும் செல்வாவைக் கூப்பிடவில்லை. அவன் லைசென்ஸ் அட்டையைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி குத்திக்கொண்டு, பக்கத்து வீட்டில் விசிறி நிற்பதைச் சன்னல் வழியாகப் பார்ப்பான். அந்த வீட்டுக்கு ரவாங்கில் இருந்து ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். செல்வா புதிதாக வாங்கிய சோதனைப் பேனாவால் தன் வீட்டு பிளக்கையே குத்திக் குத்திப் பார்த்து, அதில் கரண்ட் இருப்பதில் ஒரு திருப்தி அடைந்துகொண்டிருந்தான்.

சன்னாசி மகனுக்காக ஏஜென்ட்டைப் பார்க்கப் புறப்பட்டார். ஒரு சீப்பு ராஸ்தாலிப் பழமும் காலைக் கட்டிய நாட்டுக் கோழியும் எடுத்துக்கொண்டு, ரவாங் மீ கடை மாடியேறி, ஏஜென்ட்டு இருக்காரா என்று கேட்டார். வரவேற்பில் இருந்த பெண், இங்கே அப்படி ஆள் இல்லை என்றாள். ஆள் இல்லை, அது எனக்கும் தெரியும், இருக்கிறாரா என்று சன்னாசி திரும்பக் கேட்டார். விமலன் வந்து அவரைக் கீழே கூட்டிப்போனான். பழம் ரவீந்திரனுக்குப் போனது. கோழி மீ கடையில் நின்றுவிட்டது.

பிறகு செல்வாவே வந்தான். மாமன் அந்தக் கம்பெனியில்தானே இருக்கிறார், என்ன ஏது என்று பார்த்துச் சொல்லக்கூடாதா என்று கேட்டான். அவன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் விமலனுக்குப் பிடிக்கவில்லை. கெஞ்சுகிறவனைப் பார்த்தால் கோபம் தணியும் என்று நினைத்திருந்தான். தணியவில்லை, பசிதான் எடுத்தது.

“சிலாங்கூர்ல கூட்டம் மச்சான். பேராக் போ. அங்க லைசென்ஸ் பதிஞ்சுக்கோ. எங்க கருவி இன்னும் அங்க வரல, பெலும்தான். வீட்டுக்காரங்களே பார்த்துக் கூப்பிடுவாங்க.”

சொன்னது அத்தனையும் உண்மை. செல்வா எல்லையில் ஓடும் பெர்ணம் ஆற்றைத் தாண்டிப் போய்ப் பேராக்கில் பதிந்துகொண்டான். வேலை கொட்டியது. அக்காளுக்குக் கூப்பிட்டு, மாமா தெய்வம் அக்கா என்றான். உஷாராணி அன்றைக்குப் புருஷனுக்கு இறால் வறுத்தாள்.

விமலன் இறாலைத் தின்றுவிட்டு மறுநாள் ரவீந்திரனிடம் போய், அடுத்தது பேராக்கைச் சேர்த்தால் என்ன என்று கேட்டான். இதற்குமுன் அவன் ஒரு மாநிலத்தைச் சேர்க்க ஒரு வருஷம் எடுத்துக்கொண்டவன். பேராக்கை மழைக்காலம் முடிவதற்குள் முடித்தான். ஒவ்வோர் அலுவலகமாகத் தானே கூப்பிட்டான். எடுக்காதவர்களை நேரில் போய்ப் பார்த்தான். பேராக் பச்சையான வாரமே செல்வாவுக்கு அங்கே தியாடா ஆகிவிட்டது. ஒருவர் வீட்டில் பாதி வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் கைப்பேசி, இந்த ஆள் இல்லை என்று சொல்லிவிட்டதாம். இறங்குடா என்றாராம். மீதி வயர் அங்கேயே தொங்கியது. வௌவால் அதில் தொங்கிப் பழகி, பிறகு வேறு எதிலும் தொங்க மறுத்துவிட்டது.

“கெடாவுக்குப் போ மச்சான். அங்க பெலும்” என்றான் விமலன்.

செல்வா கெடா போனான். விமலன் கெடாவை முடித்தான். செல்வா பெர்லிஸ் போனான். அது சின்ன மாநிலம், விமலன் ஒரு சனிக்கிழமையிலேயே முடித்துவிட்டான். கிளந்தான், திரங்கானு, பகாங் என்று மச்சான் முன்னால் ஓட, மாமன் பின்னாலேயே கதவைச் சாத்திக்கொண்டு வந்தான். ஜொகூரில் செல்வா ஒரு வாரம்தான் தங்கினான். எங்கிருந்தும் முதலில் விமலனைத்தான் கூப்பிட்டு, அடுத்தது எங்கே போகலாம் மாமா என்று கேட்பான். விமலனைப் போல ஒரு வேலைக்காரன் எங்கள் தொழிலிலேயே கிடையாது என்று ரவீந்திரன் பெரிய கூட்டங்களில் பேசினார். நாற்காலிக்குச் சக்கரம் வைத்துக் கொடுத்தார்.

கடைசியில் செல்வா சரவாக்குக்குப் போனான். அங்கே ஆற்றோரத்தில் அவன் மாட்டிய விளக்கின் சுவிட்சை ஒரு முதலை மூக்கால் அமுக்கி அணைக்கக் கற்றுக்கொண்டது. தூங்கும் நேரம் வந்தால் அதுவே வந்து அணைத்துவிட்டுப் போகும். ஊர்க்காரர்கள் மாத வாடகைபோல அதற்கு ஒரு கோழி போட்டார்கள். சரவாக்கும் பச்சையானது. முதலைக்குக் கோழி தொடர்ந்து வந்தது. செல்வாவுக்கு வேலை வரவில்லை. சபாவுக்கு அவன் கப்பல் ஏறுவதற்குள் அதையும் விமலன் முடித்திருந்தான்.

மெலிந்து, கறுத்து ஜெராமுக்குத் திரும்பி வந்தவனுக்கு விமலன் கடைசியாக ஒரு வழி சொன்னான். “கடலுக்குள்ள போ மச்சான். கெலோங்குக்கு எந்த மாநிலமும் கிடையாது.” கெலோங் என்பது கடலில் கம்பு ஊன்றிக் கட்டிய மீன்பிடி மேடை. கரையில் இருந்து பார்த்தால் பொட்டுபோலத் தெரியும். செல்வா அங்கே போய் விளக்கு மாட்டினான். அங்கேயே படுத்தான். கரைக்கு வந்தால் இல்லாத ஆளாகிவிடுவதால் வருவதையும் விட்டுவிட்டான். சன்னாசி மாலையில் கடற்கரைக்கு வந்து, அந்த வெளிச்சம் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, எரிந்தால் வீட்டுக்குப் போவார்.

பதின்மூன்று மாநிலமும், கூடவே இருக்கும் மூன்று கூட்டரசுப் பிரதேசமும் பச்சையானதற்கு ரவீந்திரன் ஜெராமில் ஒரு கடலோரச் சாப்பாட்டுக் கடையில் விருந்து வைத்தார். வீட்டுக்காரிகளையும் அழைத்து வரச் சொன்னார். புதிதாகச் சேர்ந்த ஷாஹ்ரில் என்ற பையனும் வந்திருந்தான். விமலன் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டிருந்தபோது ரவீந்திரன் எழுந்து பேசினார். உஷாராணியைப் பார்த்துத்தான் பேசினார்.

“சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் ஒரு பேர் கொடுத்தார். உலகத்திலேயே இல்லாத ஒரு ஆள். அந்த ஒரே பேரை வச்சுத்தான் அத்தனை மாநிலத்தையும் பார்த்தோம். எங்க கம்பெனியே அந்தப் பேர்லதான் ஓடுது லா. செல்வா சன்னாசி.”

எல்லாரும் கைதட்டினார்கள்.

உஷாராணியும் தட்டினாள். கடலைப் பார்த்தாள், பொட்டுபோல அந்த வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. புருஷனைப் பார்த்தாள், அவன் வாயில் நண்டுக் கால் இருந்தது, அதை வெளியே எடுப்பதா உள்ளே தள்ளுவதா என்று தெரியாமல் இருந்தான். அவள் தன் தட்டில் இருந்த மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் முள் எடுத்துத் தின்று முடித்தாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

“அந்தப் பேரு சரியா வராது சார்” என்றாள்.

“ஏன் சிஸ்டர்?”

“நாட்டுல செல்வா எத்தனையோ பேரு, சன்னாசி எத்தனையோ பேரு. என்னிக்காவது அப்படி ஒருத்தன் பொறந்து, படிச்சு, பாஸாயிட்டா என்ன பண்ணுவீங்க? பாவமில்லையா?”

ரவீந்திரன் யோசித்தார். இந்தக் கோணத்தில் இதுவரை யாருமே பார்க்கவில்லையே என்றார்.

“விமலன், தகப்பன் பேர் பாலகிருஷ்ணன். அதைப் போட்டுக்குங்க. இவருகூட பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திட்டேன். இவருக்கு எந்த லைசென்ஸும் வராது. பல்பு மாட்டச் சொன்னாக்கூட பல்பைப் பிடிச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தச் சொல்லுவாரு.”

மேசை குலுங்கச் சிரித்தார்கள். ரவீந்திரன் விமலனைப் பார்த்து, உனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். ஆட்சேபணை சொல்வதென்றால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால், அத்தனை மாநிலத்தையும் ஒரு பொய்யை வைத்துப் பச்சையாக்கிய கதை இந்த மேசைக்கு வந்துவிடும். விமலன் நண்டுக் காலை ஓட்டோடு விழுங்கிவிட்டு, இல்லை பாஸ் என்றான். ஷாஹ்ரில் அங்கேயே கைப்பேசியில் குறித்து அனுப்பினான். கருவிக்குள் பதித்திருந்த பழைய கட்டளையை எடுத்துவிட்டு, சோதனைக்குப் புதுப் பெயரை வைத்தார்கள்.

வீடு திரும்பும் வழியில் விமலன் உஷாராணியிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் காரில் பாட்டைச் சத்தமாக வைத்தாள்.

திங்கட்கிழமை ரவீந்திரன் அவனைக் கூப்பிட்டு அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியிலேயே உட்காரவைத்துப் பேசினார். எல்லா மாநிலமும் முடிந்துவிட்டது. சேர்ப்பதற்கு இனி மாநிலம் இல்லை. கருவியைப் பார்த்துக்கொள்ள ஷாஹ்ரில் போதும். இவ்வளவு வேகமாக முடித்திருக்காவிட்டால் இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்கலாமே விமலன் என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

விமலன் லோரி ஓட்டக் கற்றுக்கொண்டான். ராத்திரி பகலாகப் படித்துப் பரீட்சை எழுதினான். முதல் தடவையிலேயே பாஸ். அட்டை கைக்கு வந்த அன்று அதை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. எந்த ஏஜென்ட்டும் கூப்பிடவும் இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போன் போட்டான். ஷாஹ்ரில்தான் எடுத்தான்.

“அண்ணே, நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. போன மாசம் சிலாங்கூர் சிவப்பாயிருச்சு லா. இல்லாத ஆளை ஆடான்னு காட்டுச்சு. அன்னிக்கே கம்ப்ளெயின் போட்டுச் சரி பண்ணிட்டேன். நீங்க இருந்தா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செஞ்சேன்.”

விமலன் நன்றி சொன்னான்.

செல்வா கரைக்கு வந்துவிட்டான். பெயர் விடுபட்ட மறுநாளே, அவன் பதிந்திருந்த எல்லா மாநிலத்திலும் ஒரே நேரத்தில் அவனுக்கு ஆடா வந்தது. இத்தனை மாநிலத்தில் பதிந்து வைத்திருந்த வயர்மேன் நாட்டிலேயே அவன் ஒருவன்தான். ஏஜென்ட்டுகள் அவனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டன. கையாள் தேவைப்பட்டது. ஏணி பிடிக்கிறவனுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால், அக்காள் சொல்லி மாமனைச் சேர்த்துக்கொண்டான். அவனுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று விமலனுக்கு இன்றுவரை தெரியாது. மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறான். உயரமான வேலையாகத்தான் பார்த்து எடுக்கிறான்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு ஜெராம் கோயில் மைக் செட்டுக்கு வயர் இழுக்கச் செல்வாவைத்தான் ஏஜென்ட் அனுப்பியது. உச்சி வெயில். செல்வா மேல்படியில், விமலன் கீழே ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். கோயில் கமிட்டித் தலைவர் காளியண்ணன் வேலை செய்கிறவர்களுக்கு மோர் கொடுக்க நினைத்து, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசியைக் கேட்டார்.

“ஒருவர்” என்றது.

ஒரு தம்ளர் மோர் வந்தது. காளியண்ணன் விமலனைத் தாண்டிக் கையை நீட்டி மேலே கொடுத்தார். செல்வா வாங்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். தம்ளரில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையைத் தட்டிவிட்டான். அது விமலனின் காதோரம் விழுந்தது. இரண்டு கையும் ஏணியில் இருந்ததால் அவனால் எடுக்க முடியவில்லை.

“மாமா, ஆடாவா?” என்று மேலே இருந்து குரல் வந்தது.

இருக்கிறேனா என்று கேட்கிறானா, ஏணி ஆடாதா என்று கேட்கிறானா என்று விமலனுக்குப் புரியவில்லை. ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். ஏணி ஆடவில்லை.